அந்தத் தட்டை யார் கழுவுறது?

போன ஞாயிற்றுக்கிழமை எங்க தோட்டத்துக்கு ரெண்டு பேர் வந்தாங்க. ஒருத்தர் எங்க அக்கா மகளைக் கட்டின மாப்பிள்ளை. இன்னொருத்தர் அவரோட சிநேகிதர். ரெண்டு பேருக்கும் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. இளநி குடிச்சு முடிச்சதும் மாப்பிள்ளை செல்போனை எடுத்து ஒரு படம் காட்டினார். மூணு அடுக்கு முயல் கூண்டு, வெள்ளிப் பாத்திரம் மாதிரி பளபளன்னு. ஒவ்வொரு கூண்டுக்கும் கீழே இழுக்கிற மாதிரி ஒரு தட்டு. ஏழு பெட்டை, மூணு கடா, கூண்டோட சேர்த்து ஒரு யூனிட்டாம். ரெண்டு பேரும் காசு போட்டு பத்து யூனிட் வாங்கி, ஊர்ல மாப்பிள்ளையோட அப்பா வீட்டுக்குப் பின்னாடி வைக்கிறதா திட்டம்.

"மாமா, நூறு சதுர அடியில் எத்தனை முயல் வைக்கலாம்?" என்று கேட்டார்.

நான் கேட்டேன்: "அந்தத் தட்டை யார் கழுவுறது மாப்பிள்ளை?"

ரெண்டு பேரும் சிரிச்சாங்க. "ஆள் வெச்சுக்கலாம் மாமா."

எனக்குக் கோபம் வந்தது. வீடு தேடி வந்த மாப்பிள்ளையைக் கோபிச்சுக்க முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். முயல் வளர்க்க ஆசைப்படுகிற பட்டணத்து நண்பர்கள் எல்லாரும் படிங்க. படிச்சிட்டு என் மேலே கோபப்பட்டாலும் சரி.

நான் சொல்ல வருவது ஒண்ணே ஒண்ணுதான். முயல் கூண்டை "எத்தனை முயல் பிடிக்கும்" என்று பார்த்து வாங்கக்கூடாது. புழுக்கையும் மூத்திரமும் அதிலிருந்து எப்படி வெளியே போகும், அதை எந்தக் கை அள்ளும், அந்தக் கைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்த்து வாங்கணும். இதுக்குப் பதில் சொல்லாமல் கூண்டு விற்கிறவன் உங்ககிட்ட பாதிக் கூண்டைத்தான் விற்கிறான். மீதிப் பாதி ஒரு பொம்பளையோட முதுகில் ஏறும்.

இதை நான் படிச்சுத் தெரிஞ்சுக்கலை, பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். 2014-ல் இதே மாதிரி மூணு அடுக்குக் கூண்டை நானே வாங்கினேன். பழனி பக்கம் எனக்கு ரெண்டரை ஏக்கர். தென்னை, கொஞ்சம் முருங்கை, ரெண்டு மாடு. பத்தாவது வரைதான் படிப்பு. விற்க வந்தவர் நல்லா சட்டை போட்டு, நல்லா பேசினார். "இடம் மிச்சம், வேலை மிச்சம், வாசனையே வராது, குட்டியை நாங்களே திரும்ப எடுத்துக்குவோம்" என்றார். ரெண்டு ஸ்டாண்டு. ஒரு ஸ்டாண்டுக்கு மூணு அடுக்கு, அடுக்குக்கு நாலு கூண்டு. ஆக இருபத்தி நாலு கூண்டு, இருபத்தி நாலு தட்டு. மாட்டுக் கொட்டகைக்கு ஒட்டினாப்புல தகரம் போட்டு நிறுத்தினேன்.

முதல் மாசம் எல்லாம் அழகாத்தான் இருந்தது. குட்டி போட ஆரம்பிச்சதும்தான் தெரிஞ்சது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தட்டை இழுக்கணும். இழுக்கும்போது மூத்திரம் தளும்பி காலில் கொட்டும். கொண்டுபோய்க் கொட்டி, சுரண்டி, கழுவி, துடைச்சுத் திரும்பச் சொருகணும். ஒரு தட்டுக்கு ரெண்டு நிமிஷம் என்றாலும் நாற்பத்தெட்டுத் தட்டுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேலே ஆகும். தினமும். தீபாவளி, பொங்கல், எழவு, காய்ச்சல் எதுவும் கணக்கில்லை.

இதையெல்லாம் யார் செஞ்சது? நான் செஞ்சேன் என்று எழுதினால் பொய். எங்க வீட்டம்மா செஞ்சாங்க. நான் தீவனம் வெட்டிப் போடுவேன், வர்றவங்ககிட்ட பெருமை பேசுவேன், கணக்கு எழுதுவேன். அந்தக் கணக்கு நோட்டில் தட்டுக் கழுவுகிற வேலைக்கு ஒரு வரி கூட இல்லை. ஆறு மாசம் கழிச்சு ஒரு நாள் அவங்க தட்டைக் கீழே வெச்சிட்டுச் சொன்னாங்க: "ஏனுங்க, ஒரு நாளைக்கு நாற்பத்தெட்டுத் தட்டு. கல்யாண வீட்டுல கூட நான் இத்தனை எச்சில் இலை எடுத்ததில்லை." சத்தம் போட்டுச் சொல்லலை. கண்ணு மட்டும் செவந்து கிடந்தது. அழுகை என்று நினைச்சேன். அழுகை இல்லை. அது அந்தக் காத்து.

அந்தக் காத்து என்னன்னு சொல்றேன். முயல் புழுக்கை தனியாக் காய்ஞ்சு கிடந்தால் நாத்தமே அடிக்காது, ஆட்டுப் புழுக்கை மாதிரிதான். மூத்திரம் விழுந்த உடனே ஓடிப் போயிட்டாலும் பெரிய நாத்தம் இல்லை. ரெண்டும் ஒண்ணா ஊறினால்தான் வினை. புழுக்கையில் இருக்கிற நுண்ணுயிர் மூத்திரத்தில் இருக்கிற யூரியாவை உடைச்சு அமோனியா ஆக்கும். கண்ணெரிச்சல், மூக்கெரிச்சல் எல்லாம் அதனாலதான். அப்படிப் பார்த்தால், அந்தத் தட்டு என்பது புழுக்கையையும் மூத்திரத்தையும் ஒண்ணா ஊற வைக்கிறதுக்காகவே செஞ்ச பாத்திரம். அதுவும் முயலோட மூக்குக்கு அரை அடி கீழே. இதைக் கண்டுபிடிச்சவன் ஒரு நாள் அந்தக் கூண்டுக்குள்ளே தலையை வெச்சுப் படுத்திருக்கணும்.

முயல் மூக்கால்தான் மூச்சு விடும். மனுஷன் மாதிரி வாயால் சமாளிக்கத் தெரியாது. மூக்குக்குள்ளே புண்ணானால் சளிக் கிருமி ஏறிக்கும். தும்மும், மூக்கு ஒழுகும். முன்னங்காலால் மூக்கைத் துடைச்சுத் துடைச்சு அந்தக் கால் முடி சிக்குப் பிடிச்சுப் போகும். எந்தப் பண்ணைக்குப் போனாலும் முதல்ல முயலோட முன்னங்கால் உள்பக்கத்தைப் பாருங்க. முடி ஒட்டிக் கிடந்தால் அங்கே முயல் வாங்காதீங்க. விற்கிறவர் வாயைப் பார்க்க வேண்டாம், காலைப் பார்த்தால் போதும்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ரத்தக்கழிச்சல், காக்சிடியா. முயல் போடுகிற புழுக்கை வழியா இந்த நோயோட முட்டை வெளியே வரும். வந்த உடனே அதுக்கு நோய் பரப்புகிற சக்தி கிடையாது. ஈரமும் சூடும் கிடைச்சால் ஓரிரண்டு நாளில் பக்குவம் ஆகிடும். அதுக்கப்புறம் ஒரு குட்டி அதை நக்கினால் போச்சு. அதனால் கழிவு முயல்கிட்டே இருந்து ஒரு நாளுக்குள்ளே விலகிப் போயிடணும், விலகினது காயணும். சுத்தம் என்பது பார்க்க அழகா இருக்கிறதுக்காக இல்லை, இந்த ஓரிரண்டு நாள் கணக்குக்காக.

எங்க வீட்டம்மா ஒரு தடவை அவங்க அம்மா வீட்டுக்குப் போய் நாலு நாள் தங்கினாங்க. ஐப்பசி மாசம், அடை மழை. தட்டு வேலை என் தலையில் விழுந்தது. ரெண்டு நாள் செஞ்சேன். மூணாவது நாள் தண்ணி பாய்ச்சுகிற முறை, விட்டுட்டேன். நாலாவது நாளும் அப்படியே. மேல் அடுக்குத் தட்டு நிறைஞ்சு நடு அடுக்கு முயல் மேலே ஒழுகினது. அடுத்த ரெண்டு வாரத்தில் பால் மறந்த குட்டி அறுபதில் முப்பத்தோரு குட்டி போயிடுச்சு. வயிறு ஊதி, கழிஞ்சு, ஒண்ணு ஒண்ணா. அரசு கால்நடை மருத்துவர் ஒரு குட்டியை அறுத்துக் காட்டினார். ஈரலில் வெள்ளை வெள்ளையா புள்ளி. சல்ஃபா மருந்து எழுதிக் கொடுத்தார். "மருந்து குடுங்க, ஆனா கூண்டை மாத்தாமல் மருந்தை மட்டும் நம்பாதீங்க" என்றும் சொன்னார். குட்டி எடுத்துக்கிறேன்னு சொன்ன ஆளுக்குப் போன் போட்டேன். எடுக்கவே இல்லை. இன்னிக்கு வரைக்கும் எடுக்கலை.

சரி, இப்போ நீங்க கேட்பீங்க: "பழைய காலத்துத் தட்டு வேண்டாம், ஆட்டோமேட்டிக் இருக்கே? பெல்ட் ஓடும், வழிச்சுத் தள்ளுகிற மெஷின் இருக்கே?" இருக்கு. சீனாவிலும் ஐரோப்பாவிலும் பெரிய பண்ணைகளில் அதுதான் ஓடுது. ஆயிரக்கணக்கில் தாய் முயல் வெச்சிருக்கிறவனுக்கு அது கட்டுப்படி ஆகும். மோட்டார் நின்னால் பழுது பார்க்க ஆள் இருக்கும், கரண்ட் போனால் ஜெனரேட்டர் இருக்கும். இருபது தாய் முயலுக்கு பெல்ட் வாங்குறது, ரெண்டு மாட்டுக்குப் பால் பண்ணை கட்டுறது மாதிரி. முயல் முடி உருளையில் சுத்தி பெல்ட் நின்ன அன்னிக்கு அதைக் கையால் வழிக்கப் போறது யார்? திரும்பவும் அதே கை.

இன்னும் சிலர் "சிமெண்டு வாய்க்கால் போட்டு, ஹோஸ் பிடிச்சுத் தண்ணி அடிச்சு விட்டால் முடிஞ்சது" என்பாங்க. அடிக்கும்போது சுகமாத்தான் இருக்கும். ஆனால் கொட்டகை நாள் முழுக்க ஈரம். ஈரம் இருந்தால் மேலே சொன்ன ரெண்டு நோய்க்கும் கொண்டாட்டம். அப்புறம் அந்தக் கலங்கல் தண்ணி எங்கே போகும்? பக்கத்துக் காட்டுக்காரன் வாய்க்காலுக்கா, உங்க கிணத்துக்கா? உரமா விற்கக்கூடிய பொருளைச் சாக்கடை ஆக்கிட்டு, அதுக்குத் தண்ணியும் செலவழிக்கிறது புத்திசாலித்தனமா? எங்க பக்கம் சித்திரையில் ஒரு குடம் தண்ணிக்கு என்ன மதிப்புன்னு எங்களுக்குத்தான் தெரியும்.

கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரில் மத்திய அரசோட செம்மறியாடு ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அங்கே முயலும் வளர்க்கிறாங்க. ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா ரகமெல்லாம் பார்க்கலாம். நல்ல இடம், போய்ப் பாருங்க. ஆனால் அந்தக் குளிரில் முயல் இருக்கிறதைப் பார்த்துட்டு வந்து, கீழ்நாட்டில் தகரக் கூரைக்கு அடியில் மூணு அடுக்கு வைக்காதீங்க. முயலுக்கு வேர்க்காது. முப்பது டிகிரி தாண்டினாலே அதுக்குச் சிரமம். மேல் அடுக்கு முயல் கூரையோட சூட்டைத் தலையில் வாங்கும். வெயில் அடிச்ச கடா மறுபடி தேற ஒன்றரை, ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் சேர்த்தாலும் பெட்டை சினை பிடிக்காது. யூனிட் விற்கிறவர் மார்கழியில் எடுத்த வீடியோவைத்தான் காட்டுவார். சித்திரையில் எடுத்ததைக் காட்டச் சொல்லுங்க.

பட்டணத்தில் இன்னொரு கூட்டம் இருக்கு. "கூண்டே பாவம், மண்ணில் அவிழ்த்து விடுங்க" என்பாங்க. அவங்க மனசு நல்ல மனசு, அதைக் கேலி பண்ண மாட்டேன். நானும் ஒரு தடவை வேலி கட்டி மண்ணில் விட்டுப் பார்த்தேன். வளை தோண்டுச்சு. கீரிப்பிள்ளை வந்துச்சு. அதை விட மோசம், போட்ட புழுக்கை மேலேயே குட்டி மேய்ஞ்சு, கழிச்சல் முன்னை விட ஜாஸ்தி ஆச்சு. முயல் சம்பந்தப்பட்டமட்டும் புழுக்கையும் வாயும் ஒரே தரையில் இருக்கக்கூடாது. கம்பித் தரை அதுக்குத்தான். ஆனால் கம்பி மேலேயே ஆயுசு முழுக்க உட்கார்ந்தால் பின்னங்கால் அடியில் புண் வரும். அதையும் நான் பார்த்திருக்கேன். அதனால் அவங்க சொல்றதில் பாதியை நான் எடுத்துக்கிட்டேன். கூண்டு உண்டு. ஆனால் காலை நீட்டிப் படுக்க இடம், காது மடங்காமல் நிமிர்ந்து உட்கார உயரம், கால் ஆற ஒரு ஓட்டைப் பிளாஸ்டிக் பாய், இதெல்லாம் கட்டாயம். கூண்டு கூண்டுதான், அரண்மனைன்னு சொல்ல மாட்டேன். உள்ளே இருக்கிற உயிர் நோகக்கூடாது, அவ்வளவுதான்.

இப்போ எங்கிட்ட இருக்கிறதைச் சொல்றேன். வித்தை ஒண்ணும் இல்லை. நீங்களே ஊர்ல வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்யலாம்.

ஒரே அடுக்கு. முப்பத்தஞ்சு அடி நீளம், பன்னெண்டு அடி அகலத்துக்குக் கூரை. நடுவில் நாலடி நடைபாதை. ரெண்டு பக்கமும் பக்கத்துக்குப் பன்னெண்டு கூண்டு. ஒரு கூண்டு ரெண்டரை அடி நீளம், ரெண்டடி ஆழம், ஒன்றரை அடி உயரம். கூண்டுக்குக் கால் கிடையாது. மேலே குழாயில் கம்பி போட்டுத் தொங்க விட்டிருக்கேன். கால் இல்லாததால் எறும்பும் எலியும் ஏறுறது குறைவு, அடியில் கூட்டவும் தடை இல்லை. தரை மூணடி கீழே இருக்கு.

கூண்டோட தரைக்கு ஒரு இஞ்சுக்கு அரை இஞ்சு கண் உள்ள, பதினாலு கேஜ் வெல்டு மெஷ். அரை இஞ்சு இடைவெளியில் வர்ற கம்பி மேல் பக்கம் வர்ற மாதிரி போடணும், அப்போதான் காலுக்கு நெருக்கமாக, இதமாக இருக்கும். கண் இதை விடச் சின்னதானால் புழுக்கை சிக்கும், பெருசானால் குட்டி கால் மாட்டும். கூண்டோட அடியில் பட்டை, ஆங்கிள் எதுவும் குறுக்கே ஓடக்கூடாது. பட்டை இருந்தால் அது மேலே புழுக்கை தங்கும், அதில் மூத்திரம் ஊறும், ஒரு வருஷத்தில் துருப்பிடிக்கும். மரச்சட்டம் வேண்டவே வேண்டாம். மூத்திரத்தைக் குடிச்சுக்கும், முயலும் கடிக்கும்.

கூண்டுக்குக் கீழே பழைய பிளெக்ஸ் பேனர். தேர்தல் முடிஞ்சால் ஊரெல்லாம் கிடைக்கும். எந்தக் கட்சி என்று பார்க்கிறதில்லை, வழுவழுப்பான பக்கம் மேலே இருந்தால் போதும். அதை நடைபாதைப் பக்கம் உயரமாகவும் வெளிப்பக்கம் தாழ்வாகவும் நல்ல சரிவாக் கட்டியிருக்கேன். சரிவு குறைஞ்சால் புழுக்கை நின்னுடும், அதனால் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. தாழ்ந்த ஓரத்தில் பாதியா அறுத்த நாலு இஞ்சு பிவிசி குழாய், அதுக்கு மேலே ஒரு சாண் அகலத்துக்கு வலை. மூத்திரம் வலை வழியா குழாயில் இறங்கி மூலையில் இருக்கிற டிரம்முக்குப் போயிடும். புழுக்கை வலை மேலே உருண்டு அந்தப் பக்கம் விழும். அங்கே கூரையோட இறவாரத்து நிழலில், தாழ்வா ரெண்டு கல் வரிசை கட்டி மண்புழு விட்டிருக்கேன். மூத்திரம் கலக்காத புழுக்கையில் மண்புழு நல்லாப் பெருகும். மூத்திரம் கலந்தால் ஓடிப் போயிடும். பிரிச்சது சரியா இல்லையா என்று மண்புழுவே சொல்லிடும், வேற சோதனை வேண்டாம்.

தண்ணிக்கு நிப்பிள். ஆனால் நிப்பிளை பிளெக்ஸுக்கு மேலே வைக்காதீங்க. ஒழுகாத நிப்பிளை நான் இன்னும் பார்க்கலை. நடைபாதைப் பக்கம், சொட்டினால் நடைபாதையில் சொட்டுகிற மாதிரி வைங்க. முயல் குடிலில் ஈரம் என்றால் எல்லாரும் மூத்திரத்தைத் திட்டுவாங்க. பாதி நேரம் குத்தவாளி நிப்பிள்தான்.

குட்டிப் பெட்டி தனிக் கதை. சினை முப்பது, முப்பத்தோரு நாள். இருபத்தெட்டாவது நாள் பெட்டியை வைக்கிறேன். அடியில் வலை போட்ட பெட்டி, உள்ளே காய்ஞ்ச புல்லும் தேங்காய் நாரும். தாய் தன் முடியைப் பிடுங்கி மெத்தை போட்டுக்கும். முன்னாடியே வெச்சால் தாய் அதைக் கக்கூஸ் ஆக்கிடும், ஈரப் பெட்டியில் பிறந்த குட்டி குளிரில் செத்துப் போகும். குட்டி கண்ணு திறந்து வெளியே ஓட ஆரம்பிச்சதும், மூணு வாரத்துக்குள்ளே பெட்டியை எடுத்து, வெயிலில் காயப் போட்டிடணும்.

தினசரி வேலை இதுதான்: காலையில் தென்னை விளக்குமாறால் பிளெக்ஸில் ஒட்டினதைத் தள்ளி விடுறது, டிரம்மைப் பார்க்கிறது, கம்பியில் முடி சிக்கியிருக்கா என்று பார்க்கிறது. இருபத்தி நாலு கூண்டுக்கு இருபது நிமிஷம். வாரம் ஒரு தடவை கம்பியை இரும்பு பிரஷ்ஷால் தேய்ச்சல். மூத்திரத்தில் சுண்ணாம்புச் சத்து ஜாஸ்தி, வெள்ளையாப் படிஞ்சு கல்லு மாதிரி இறுகிடும். அதுக்கு வினிகர் தடவி ஊற விட்டுத் தேய்ச்சால் போயிடும். ஒரு கூண்டு காலியானால், அடுத்த முயலை விடுறதுக்கு முன்னாடி கேஸ் நெருப்பால் கம்பியைச் சுட்டு எடுக்கிறேன். முடி எல்லாம் பொசுங்கிடும், காக்சிடியா முட்டையும் சாகும். அந்த முட்டைக்கு பினாயில் ஒண்ணும் செய்யாது, சூடுதான் எமன். சுடுறதுக்கு முன்னாடி பிளெக்ஸை அவிழ்த்திடுங்க. முதல் தடவை நான் அவிழ்க்கலை, ஒரு பெரிய மனுஷர் முகம் பாதி கருகிப் போச்சு.

நாளைக்கு மூணு, நாலு கிலோ புழுக்கை கிடைக்குது. மாட்டுச் சாணியை விடத் தழைச்சத்து இதில் ஜாஸ்தி. முருங்கைக்கு அதுதான் போடுறேன். மூத்திரத்துக்கு ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணி கலந்து விடுறேன். கடையில் யூரியா வாங்குறது குறைஞ்சிருக்கு. கறி விலை ஏறும் இறங்கும், புழுக்கை தினமும் விழும்.

இதில் குறை இல்லையா? இருக்கு. மூணு அடுக்கை விட இடம் மூணு மடங்கு வேணும். கூண்டு ஒண்ணுக்குச் செலவும் எனக்கு ஜாஸ்திதான் ஆச்சு. பிளெக்ஸ் ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்தில் கிழியும். காத்து மழைக்குச் சாக்குப் படுதா இறக்கணும். "எங்கிட்ட அவ்வளவு இடம் இல்லை" என்று சொன்னால், என் பதில் இதுதான்: அப்போ முயலைக் குறைச்சுக்குங்க. எட்டுக் கூண்டு வைங்க. இடம் இல்லைன்னு ஒண்ணுக்கு மேலே ஒண்ணு அடுக்கினால், கீழே இருக்கிற முயல் மட்டும் நனையாது. சுத்தம் பண்ணுகிறவங்களும் சேர்ந்துதான் நனைவாங்க.

"ஆள் வெச்சுக்கலாம்" என்ற பேச்சுக்கு வர்றேன். எங்க பக்கத்து ஊரில் பட்டணத்துக்காரர் ஒருத்தர் இருநூறு கூண்டு போட்டார். மூணு அடுக்கு, நாலு பக்கமும் அடைச்ச கொட்டகை, தட்டு முறை. அவர் மாசம் ஒரு தடவை காரில் வருவார். தட்டு எடுக்க ஒரே ஒரு அம்மா, வயசு அறுபது இருக்கும். கண்ணில் எந்நேரமும் தண்ணி வடியும். "ஆத்தா, வேற வேலைக்குப் போகக்கூடாதா" என்று கேட்டேன். "நூறு நாள் வேலை இல்லாதப்ப இதுதானே சாமி" என்றாங்க. ஒரு நாள் அவங்க வரலை. முதலாளிக்கு அந்த அம்மாவோட போன் நம்பர் கூடத் தெரியாது. நாலு நாள் தட்டு அப்படியே கிடந்தது. அது சித்திரை மாசம். அப்புறம் அங்கே நடந்ததை நான் எழுத வேண்டாம். வருஷம் முடியறதுக்குள்ளே கொட்டகை காலி. இப்போ அந்தக் கூண்டுக்குள்ளே சின்ன வெங்காய மூட்டை அடுக்கியிருக்காங்க. அதுக்கு நல்லாத்தான் இருக்கு, காத்து போகுது.

முதலாளிக்கு நஷ்டம் என்று எல்லாரும் பரிதாபப்பட்டாங்க. அந்த அம்மா கண்ணுக்கு யாரும் நஷ்டக் கணக்கு எழுதலை. எங்க வீட்டு நோட்டில் நானும் எழுதலைதானே. அதனால்தான் சொல்றேன், இது முயல் பண்ணைக்காரன் ஒருத்தனோட தப்பு இல்லை. கழிவு அள்ளுகிற வேலையைக் கணக்கிலேயே சேர்க்காமல் "லாபம்" என்று எழுதுகிற பழக்கம் நம்ம எல்லாருக்கும் இருக்கு.

2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி நடந்த கதையைப் பெரியவங்க மறந்திருக்க மாட்டாங்க. குஞ்சை நாங்க தர்றோம், கொட்டகை நாங்க போடுறோம், நாங்களே திரும்ப எடுத்துக்கிறோம் என்று சொல்லித்தான் அன்னிக்கும் காசு வாங்கினாங்க. முயலையும் ஈமுவையும் ஒண்ணா வைக்கலை. முயல் நல்ல பிராணி, அளவா வளர்த்தால் சோறு போடும். ஆனால் "திரும்ப எடுத்துக்கிறோம்" என்ற வார்த்தை எங்கே முன்னாடி வருதோ, அங்கே பொருள் பின்னாடி நிக்குதுன்னு அர்த்தம். கூண்டு விற்கிறதுதான் அவங்க தொழில், முயல் வளர்க்கிறது இல்லை.

அதனால் கூண்டு வாங்கப் போனால், விலை கேட்கிறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க. விழுந்த மூத்திரமும் புழுக்கையும் எங்கே பிரியுது? ஒரு கூண்டைச் சுத்தம் பண்ண எத்தனை நிமிஷம், எத்தனை கூண்டு, பெருக்கினால் எவ்வளவு? ரெண்டு நாள் யாரும் வரலைன்னால் என்ன ஆகும்? ரெண்டு வருஷம் ஓடின ஒரு கூண்டைக் காட்ட முடியுமா, புதுசு வேண்டாம், துரு எங்கே பிடிச்சிருக்குன்னு பார்க்கணும். கடைசியா, சுத்தம் பண்ணப் போறவங்க பேர் என்ன? இந்தக் கடைசிக் கேள்வி விற்கிறவருக்கு இல்லை, உங்களுக்கு. அந்தப் பேரை வாய் விட்டுச் சொல்ல முடியாதவங்க கூண்டு வாங்க வேண்டாம். சொல்ல முடிஞ்சால், அவங்களையும் கூட்டிட்டுப் போய்க் கூண்டைக் காட்டுங்க. அவங்க குனிஞ்சு, தட்டை இழுத்துப் பார்த்துட்டுச் சரின்னு சொன்னால் வாங்குங்க.

மாப்பிள்ளை ஊருக்குப் போயிட்டு நேத்து போன் பண்ணினார். "மாமா, அப்பாகிட்ட கேட்டேன், அம்மாதான் கழுவணும்னு சொல்றார்" என்றார். "அம்மாகிட்ட கேட்டீங்களா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "அடுத்த வாரம் அம்மாவையும் கூட்டிட்டு வர்றேன் மாமா, உங்க கொட்டகையைப் பார்க்கட்டும்" என்றார். நல்ல புள்ளை.

நீங்களும் வாங்க. ஆனால் பதினோரு மணிக்கு வந்து போட்டோ எடுத்துட்டுப் போகிற மாதிரி வராதீங்க, காலையில் ஆறு மணிக்கு வாங்க. எங்க வீட்டம்மா காப்பி கொடுப்பாங்க, நான் விளக்குமாறு கொடுப்பேன். இருபது நிமிஷ வேலைதான்.